கல்லுமேட்டுக்குச் சான்று

இன்டர்நெட்ல விக்கின்னு ஒண்ணு இருக்கு. யாரு வேணா எழுதலாம், அழிக்கிறது மட்டும் நிர்வாகி. நம்ம நிர்வாகி கோதண்டராமன், நகராட்சி கமிஷனரா இருந்து ரிட்டயரானவரு. அவரு எழுத்தப் படிச்சாலே தொண்டையச் செருமுற சத்தம் கேக்கும்.

ரீசார்ஜ் கடை தீர்த்தம்மா, தான் பொறந்த கல்லுமேட்டப் பத்தி ஒரு பக்கம் எழுதுனா. குடிசையெல்லாம் இடிச்சு சனத்த ஆளுக்கொரு திக்கா விரட்டியாச்சு. பேராவது அங்க நிக்கட்டும்னு ஆசை.

நிர்வாகி அதுமேல சீட்டு ஒட்டுனாரு: "சான்று தேவை. அச்சில் வந்த ஆதாரம் இல்லையேல் பக்கம் நீக்கப்படும்."

உரையாடல் பக்கம்னு ஒண்ணு உண்டு, சண்ட போடுறதுக்கு. அங்க கேட்டா. "பொறந்தவ நானே சொல்றேனே சார்?"

"அது சொந்த ஆய்வு, அம்மணி. செல்லாது. அப்படி ஓர் ஊர் இருந்ததாகவே தெரியவில்லை."

"அச்சுல வந்தா எதுனாலும் சரியா சார்?"

"எதுவாயினும் சரி."

மறுநாள் பழைய பேப்பர் படம் ஒண்ணு போட்டா. கல்லுமேட்டுக் குடிசைகள இடிக்க நகராட்சி விட்ட டெண்டர்.

"எங்க ஊரு பேப்பர்ல வந்தது இந்த ஒரு தடவதான் சார். கீழ கமிஷனர்னு உங்க பேருதான் இருக்கு. இல்லாத ஊர எப்படி சார் இடிச்சீங்க?"

விக்கிக்காரங்க அத்தன பேரும் பாத்தாங்க. பக்கத்த நீக்க அவரால முடியல. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே. கோயில் கொடைவிழா, கிணறு, அவ பேரு பேரா எழுதுன சனம், அம்புட்டையும் சான்று இல்லன்னு வெட்டிட்டாரு.

இப்ப அந்தப் பக்கத்துல ஒரே வரிதான் நிக்குது: கல்லுமேடு இடிக்கப்பட்டது.