ஓடையைத் தாண்டிய கோடு

மாசிலாமணி ஐம்பத்திரண்டு வயதில் நில அளவை படிக்க வந்தவர். சொல்லிக்கொடுத்த தையல்நாயகிக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஆனாலும் வாய் நிறைய "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

அவர் ஊர் ஆவரங்காடு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மலையடி அணைக்கட்டிலிருந்து ஏரிக்கு ஊரே சேர்ந்து வாய்க்கால் வெட்டியது. தண்ணீர் பாதி வழியில் நின்றுவிட்டது. ஏரி இன்றும் காய்ந்து கிடக்கிறது. இந்தத் தடவை விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு, மாசிலாமணி தானே படம் போட்டார். வியாழக்கிழமை முந்நூறு பேர் மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள்.

வாய்க்கால் தொடங்கும் அணைக்கட்டில் வைத்துப் படத்தை டீச்சர் முன்னால் விரித்தார்.

"சம உயரக் கோடுன்னா, ஒரே உயரத்துல இருக்கிற இடங்களைச் சேர்க்கிற கோடு. அதை ஒட்டியே கொஞ்சம் கொஞ்சமாச் சரிய விட்டா வாய்க்கால். சரிதானே டீச்சர்?"

"சரிதான்."

"அப்ப நான் போட்டிருக்கிற கோடு?"

டீச்சர், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் நீளக் குழாயில் தண்ணீரை நிரப்பினார். ஒரு முனையை அவர் கையில் கொடுத்தார்.

"வாங்கண்ணே, உங்க கோட்டு மேலேயே நடப்போம்."

மூன்று மேடுகள் வரை குழாயின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே அளவில் நின்றது. மாசிலாமணிக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அதற்கப்புறம் ஓர் ஓடை குறுக்கிட்டது.

"படத்துல கோடு இங்கே எப்படிப் போகுது?"

"நேரா அந்தக் கரைக்கு."

"போங்க."

நாலு அடி இறங்கினார். அவர் பிடித்திருந்த முனையிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று கொட்டி, சட்டையெல்லாம் நனைந்தது. டீச்சர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அந்தக் கரையும் இதே உயரம்தானே டீச்சர்! இங்கே நின்னு பார்த்துத்தானே போட்டேன்."

"கரை ரெண்டும் ஒரே உயரம்தான். நடுவுல?"

மாசிலாமணி ஓடையைப் பார்த்தார். ஓடைக்கு மேலே தண்ணீரைக் கொண்டுபோகும் தொட்டிப்பாலம் கட்டித் தாண்டலாம். அதற்கு ஆவரங்காட்டுக்கு வக்கில்லை என்று இருவருக்கும் தெரியும்.

"ஓடைத் தரை இந்த உயரத்துக்கு வர்ற இடம் வரைக்கும் ஓடையோட மேல்பக்கமாவே போகணும். அங்கே தாண்டி, மறுபடியும் இவ்வளவு தூரம் திரும்பி வரணும்."

"ஆமா."

"ரெண்டு மைல் கூடும் டீச்சர். பத்து நாள்ல முடிச்சிடலாம்னு ஊர்க் கூட்டத்துல சொல்லிட்டேன். இப்பப் போய் ஒரு மாசம்னு சொன்னா, மண்வெட்டிய எம்மேலதான் வீசுவாங்க."

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. டீச்சர் குழாயில் குறைந்த தண்ணீரைச் சொம்பால் ஊற்றி நிரப்பினார். முனையை மறுபடியும் அவர் பக்கம் நீட்டினார்.

"போன தடவை நேராத்தானே வெட்டினீங்க. பன்னெண்டு வருஷம் ஆச்சு. தண்ணி வந்துடுச்சாண்ணே?"

மாசிலாமணி முனையை வாங்கிக்கொண்டு, ஓடையின் மேல்பக்கமாகத் திரும்பி நடந்தார்.