மைனஸ் பத்துக் குடம் பானக்கம்

கொம்பங்குளத்தில் கணக்குத் தெரியாத ஆள் கிடையாது. ஊருக்கு இருந்த தொல்லையே அதுதான்.

தேர்த் திருவிழாவில் பானக்கம் ஊற்றும் பொறுப்பு அந்த வருஷம் பேச்சிமுத்துவிடம் வந்தது. அவன் பூவம்மாளைப் பெண் கேட்டிருந்தான். அவள் அப்பா சிவனணைஞ்சான், “குடத்துக்கு மூணு கருப்பட்டி இனிப்பு இருந்தாத்தான் பொண்ணு. சப்புன்னு இருந்தா பேச்சே கெடையாது” என்று சொல்லியனுப்பிவிட்டுத் தேரோடு வந்துகொண்டிருந்தார்.

இருந்தது இரண்டு தொட்டிப் பானக்கம். ஒன்றில் குடத்துக்கு இரண்டு கருப்பட்டி, மற்றதில் ஒன்று. கருப்பட்டி தீர்ந்துவிட்டது, கடையும் பூட்டியாயிற்று.

“கலந்துட்டாப் போச்சு” என்றான் கூட ஊற்ற வந்த ஒச்சப்பன். கரித்துண்டை எடுத்துச் சுவரில் எழுதினான். இனிப்புத் தொட்டியில் x குடம், சப்பைத் தொட்டியில் y குடம். அண்டா கொள்வது பத்துக் குடம், ஆகவே x + y = 10. பத்துக் குடத்துக்கு முப்பது கருப்பட்டி, ஆகவே 2x + y = 30. கழித்துப் பார்த்தால் x இருபது, y மைனஸ் பத்து.

“பத்துக் குடம் அண்டாவுல இருபது எப்படிண்ணே கொள்ளும்?” என்றான் பேச்சிமுத்து.

“பொறுல. பின்னால மைனஸ் வருதுல்லா, அது சரிபண்ணிரும்.”

இருபது குடமும் ஊற்றினார்கள். பாதி தெருவில் ஓடியது. யாரும் பதறவில்லை.

மைனஸ் பத்துக் குடத்தை எப்படி ஊற்றுவது என்பதில்தான் சிக்கல். உதவிக்கு நின்ற வேலாண்டி நெடுநேரம் தாடியைச் சொறிந்தான்.

“குடத்துல தண்ணி நின்னா பிளஸ்ஸு. நிக்காட்டா மைனஸு. அடியில்லாத குடம் வேணும்.”

அவனை எல்லோரும் மரியாதையோடு பார்த்தார்கள். பேச்சிமுத்து தன் வீட்டுக் குடத்தின் அடியைத் தட்டி எடுத்தான். அதை அண்டாவுக்கு மேலே பிடித்துக்கொண்டு, சப்பைப் பானக்கத்தைப் பத்துத் தடவை அதன் வழியாக ஊற்றினார்கள். தெரு இன்னும் நனைந்தது. கடைசியில் அண்டாவை அளந்தால் சரியாகப் பத்துக் குடம். விடை சரி என்று ஒச்சப்பன் சுவரில் ஒரு டிக் போட்டான்.

தேர் வந்தது. சிவனணைஞ்சான் ஒரு வாய் குடித்தார்.

“சப்புன்னுல்லா இருக்கு.”

பேச்சிமுத்து சுவரைக் காட்டினான். அவர் விரல்விட்டு எண்ணி, மேலிருந்து கீழே படித்தார். பிறகு இன்னொரு வாய் குடித்தார்.

“கணக்கு சரியாத்தான் இருக்கு. என் நாக்குலதான் ஏதோ கோளாறு. பொண்ணு உனக்குத்தான் மாப்ள.”

பேச்சிமுத்துவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அவர் மட்டும் நெற்றியைச் சுருக்கினார்.

“ஒரே ஒரு கவலை. கல்யாண மண்டபத்துல நூறு பேருக்குத்தான் எடம். எங்க பக்கமே இருநூறு பேரு வருவோம்.”

பேச்சிமுத்து சுவரை ஒருமுறை நிதானமாகப் பார்த்துக்கொண்டான்.

“அதுக்கென்ன மாமா. எங்க பக்கம் மைனஸ் நூறு பேரு வந்துருதோம்.”