ஆட்காட்டியின் ஒன்பதாவது கல்

வேங்கைக்காட்டின் நடுவே ஓர் ஓடை இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இருபத்தொரு கற்பலகைகளுக்கு அடியில் அதைப் புதைத்துவிட்டார்கள்.

புதைக்கச் சொன்னவர் காட்டரசர் எருது. மேட்டில் குடியேறியவர்கள் தங்கள் சாணித் தண்ணீரையெல்லாம் ஓடையில் விட்டார்கள். ஓடை நாறியது. "நாறுதா? மூடுங்க!" என்றார் அரசர். மூடினார்கள். மேலே சரளைக்கல்லைக் கொட்டி நிரவினார்கள். அரசருக்கு நல்ல சபை மைதானம் கிடைத்தது.

ஆனால் மழைக்கு அரசரைத் தெரியாது. மழை பெய்தபோதெல்லாம் மழைத்தண்ணீரும் சாணித்தண்ணீரும் அந்த ஒரே இருட்டு வழிக்குள் முட்டி மோதின. வழி கொள்ளவில்லை. எங்கே பள்ளமோ அங்கே பொங்கியது. பள்ளத்தில் இருந்தவை பெருச்சாளிகளின் வளைகள்.

போன மழையில் பொந்தாயி என்ற பெருச்சாளி தன் குட்டிகளில் இரண்டைச் சாணிச் சேற்றில் பறிகொடுத்தாள்.

இதைத் தட்டிக் கேட்க அந்தக் காட்டில் ஒரே ஒரு வாய்தான் இருந்தது. அது ஆட்காட்டிப் பறவை செவத்தானின் வாய். சிவந்த அலகு, நீண்ட மஞ்சள் கால், யாருக்கும் வணங்காத கழுத்து. ஏழு மழைக்காலமாக அவன் மைதானத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்தினான்.

"திற! திற! திறந்து விடு! மழைத்தண்ணி மேலே ஓடட்டும்! சாணித்தண்ணி தனி வாய்க்கால்ல நாணல்காட்டுக்குப் போகட்டும்!"

"வந்துட்டாரய்யா வாய்க்கால் மன்னர்!" என்று சிரிப்பார் உடும்பர். அவர்தான் காட்டின் வேலைகளுக்கெல்லாம் பொறுப்பாளர். ஒவ்வொரு மழைக்கும் ஒரு வளையின் வாயில் கல்மூடி போட்டு, "வேலை முடிஞ்சது!" என்று அரசரிடம் சொல்லிவிடுவார். தண்ணீர் அடுத்த வளையில் பொங்கும். அதற்கும் ஒரு மூடி.

கடைசியில் எல்லா வளைக்கும் மூடி போட்டாயிற்று. அடுத்த மழையில் தண்ணீருக்குப் பள்ளத்தில் போக்கிடம் இல்லை. வந்த வழியே திரும்பியது. சபை நடந்துகொண்டிருந்தபோது மைதானத்தைப் பிளந்துகொண்டு, சரியாக அரசரின் ஆசனத்துக்கு அடியில் பீறிட்டது. அரசர் கொம்பு வரை நனைந்தார். என்ன தண்ணீரில் என்று சொல்ல வேண்டியதில்லை.

"உடனே ஓடையைத் திறங்க!" என்று அலறினார் அரசர்.

பள்ளத்தில் குட்டிகள் செத்தபோது கேட்காத காது, அன்று நன்றாகக் கேட்டது.

வேலை தொடங்கியது. முதலில் வளைகளின் கல்மூடிகளைப் பெயர்த்தெறிந்துவிட்டுப் பெருச்சாளிகள் வீடு திரும்பினார்கள். சாணித்தண்ணீருக்கான தனி வாய்க்காலைப் பெருச்சாளிகளே மூன்று நாளில் நாணல்காடு வரை தோண்டினார்கள். கற்பலகைகளைத் தூக்கக் கொம்பன் யானை வந்தான். மறுநாள் காலையில் அவன் கூட்டம் மலையேறுகிறது. திரும்பி வர அடுத்த வருஷம் ஆகும். அன்றைக்குள் எல்லாக் கல்லையும் எடுத்தாக வேண்டும்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று கற்கள் எழுந்தன. செவத்தான் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கூவல் கூவினான். எட்டாவது கல்லும் எழுந்தது. கொம்பன் ஒன்பதாவது கல்லுக்குத் தும்பிக்கையை நீட்டினான்.

அப்போதுதான் செவத்தானின் கூவல் பாதியில் நின்றது.

ஒன்பதாவது கல்லின் சரளையில் அவன் மனைவி வெள்ளச்சி உட்கார்ந்திருந்தாள். அவள் வயிற்றுக்கு அடியில் சரளையோடு சரளையாக நான்கு புள்ளி முட்டைகள். ஆட்காட்டிகள் வெட்டவெளித் தரையில்தான் முட்டையிடும். காட்டில் மிச்சமிருந்த வெட்டவெளி இந்த மைதானம் ஒன்றுதான். ஏழு வருஷம் "திற திற" என்று கத்தியவன், திறந்தால் போவது தன் வீடு என்று ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

"நிறுத்து! நிறுத்து!" என்று கொம்பனின் கண்ணுக்கு நேரே பாய்ந்தான்.

மைதானமே திகைத்தது. உடும்பர் மட்டும் நாக்கை நீட்டிச் சிரித்தார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! திறக்கச் சொன்ன வாயே நிறுத்தச் சொல்லுது! ஊருக்குன்னா திற, தனக்குன்னா மூடு! அரசே, உங்க ஆசனத்துக்கு அடியிலதான் சரியாயிடுச்சே. வேலையை இத்தோட நிறுத்திடலாமா?"

அரசர் கொட்டாவி விட்டார். "நிறுத்தினா நிறுத்துங்க, எடுத்தா எடுங்க."

செவத்தான் பள்ளத்தைப் பார்த்தான். அங்கே பொந்தாயி, இந்த வருஷத்து ஐந்து குட்டிகளோடு வளை வாயில் நின்றிருந்தாள். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

அவன் கழுத்து முதன்முறையாகத் தணிந்தது. மெல்ல நடந்து மனைவியிடம் போனான்.

"வெள்ளச்சி, எந்திரிச்சிடும்மா."

அவள் எழவில்லை. "உள்ளே அசையுதுங்க. இன்னும் எட்டே நாள்தான்" என்றாள்.

அவனால் இரண்டாம் முறை சொல்ல முடியவில்லை. கொம்பன் பக்கம் திரும்பி, தலையை மட்டும் அசைத்தான். 'தூக்கு' என்பதுபோல.

"அண்ணே! கொஞ்சம் பொறுங்கண்ணே!"

பொந்தாயி ஓடி வந்தாள். பட்டப்பகல் வெளிச்சம் அவள் கண்ணைக் கூசச் செய்தது. முட்டி மோதிக்கொண்டே வந்து கல்லோரம் நின்றாள்.

"உங்க குஞ்சுங்களக் குடுத்துத்தான் எங்க குட்டிங்க பிழைக்கணும்னு யாருண்ணே சொன்னது?"

"கல்லை எடுக்காம வழி இல்லைம்மா. அடியில ஏழு வருஷச் சகதி கல்லா இறுகிக் கெடக்கு."

"அடியில எதுக்குப் போகணும்? சுத்திப் போகட்டும்! ஓடை நேராத்தான் ஓடணும்னு உடும்பர் வீட்டுச் சட்டமா? மூடுறதுக்கு முன்னாடி அது வளைஞ்சு வளைஞ்சுதானே ஓடிச்சு!" அவள் பள்ளத்தைப் பார்த்துச் சீழ்க்கையடித்தாள். "ஏய், எல்லாரும் வாங்க! தோண்டத் தெரியாதவன் ஒருத்தனாவது நம்ம கூட்டத்துல இருக்கானா?"

இருபது பெருச்சாளிகள் வெயிலில் கண்ணை இடுக்கிக்கொண்டு வந்தார்கள். கொம்பன் சிரித்துக்கொண்டே ஒன்பதாவது கல்லை விட்டுவிட்டுப் பத்தாவதற்குப் போனான். சாயங்காலத்துக்குள் மற்ற கற்களெல்லாம் எழுந்தன. ஒன்பதாவது கல்லைச் சுற்றி ஓர் அகலமான வளைவு பிறந்தது.

நான்காம் நாள் பெருமழை கொட்டியது. ஓடை வெளிச்சத்தில் இரைந்துகொண்டு வந்தது. கல்லருகே வந்ததும் வளைந்தது. தண்ணீர் கல்லின் விளிம்பு வரை ஏறியது. வெள்ளச்சி சிறகை விரித்து முட்டைகளை மூடினாள். செவத்தான் அவளை ஒட்டி நின்றான். தண்ணீர் அவன் கால்விரலைத் தொட்டது. அங்கேயே நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

"பொந்தாயி! உள்ளே எப்படி இருக்கு?" என்று கத்தினான்.

"காஞ்சு கெடக்குண்ணே!" என்று பள்ளத்திலிருந்து பதில் வந்தது. "குட்டிங்க தூங்குதுங்க! கத்தி எழுப்பிடாதீங்க!"

மழை விட்டு வெயில் ஏறியது. வெயில் காலத்தில் ஆட்காட்டிகள் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டைகளைக் குளிரச் செய்யும். அதற்காகச் செவத்தான் இத்தனை வருஷமும் மலையடிவாரக் குளம் வரை பறந்தான். வருவதற்குள் பாதி ஈரம் காய்ந்துவிடும். இப்போது இரண்டே எட்டு நடந்தான். வயிற்றை ஓடையில் அமிழ்த்தினான். சொட்டச் சொட்டத் திரும்பி வந்து, முட்டைகள்மேல் பதமாக உட்கார்ந்தான்.

எட்டாம் நாள் உடும்பர் கரையில் ஒரு கல்லை நட்டார். 'மாமன்னர் எருது திறந்து வைத்த ஓடை' என்று அதில் எழுதியிருந்தது.

முட்டைகள்மேல் உட்கார்ந்திருந்த செவத்தானுக்குச் சுருக்கென்றது. கழுத்து நிமிர்ந்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க அலகைத் திறந்தான்.

அப்போது வயிற்றுக்கு அடியில் 'டொக்' என்று மெல்லிய சத்தம். முட்டைக்குள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

திறந்த அலகை மூடிக்கொண்டான். வாழ்க்கையில் முதன்முறையாகக் கத்தாமல், தலை சாய்த்து, காது கொடுத்துக் கேட்டான்.

அடைத்து வைத்த தண்ணீர் எளியவன் வீட்டில்தான் ஏறும். அதற்கு வழி திறக்கப் போராடுகிறவர்கள் ஒருவர் பிள்ளையை மற்றவர் காத்தால்தான் அந்த வழி நிலைக்கும்.