சோற்று மூட்டை மரமேறிய கதை

விலங்குகளும் மனிதர்களும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் பேச்சுச் சுத்தத்துக்குப் பெயர் வாங்கியது கரடிதான். யானைக்குப் பாதிப் பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடும். குரங்கு அவசரத்தில் வார்த்தைகளை விழுங்கிவிடும். கரடிக்கோ மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒரு பல் குறையாமல் இருந்தன. ஒவ்வொரு சொல்லும் திருத்தமாக வந்து விழும்.

மலையைத் தாண்டி அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சுமை தூக்கியதும் கரடிதான். அடிவாரத்தில் நின்று குரல் கொடுத்தால் இறங்கி வரும். அதற்குக் கூலி என்று தனியாக எதுவும் கிடையாது, சாப்பாட்டில் பங்கு மட்டும்தான். பொழுது சாய்ந்ததும் சோற்று மூட்டையை அவிழ்த்து நடுவில் வைப்பார்கள். எல்லோரும் பார்க்க எடுத்து, எல்லோரும் பார்க்கச் சாப்பிட்டு, மிச்சத்தைக் கட்டி அதே இடத்தில் வைப்பார்கள். யாரும் தனக்கென்று ஒதுக்கிக்கொள்வதில்லை. மலையில் நடந்த காலமெல்லாம் அப்படித்தான் நடந்தது, குருவம்மா போகும்வரை.

குருவம்மாவின் புருசன் சடையாண்டியும் இன்னும் சில குடும்பங்களும் மலைக்கு அந்தப் பக்கம் காடு திருத்தியிருந்தார்கள். விதைக்கென்று வைத்திருந்த சாமையைக் காட்டுத்தீ கொண்டுபோய்விட்டது. முதல் மழைக்குள் விதை போய்ச் சேராவிட்டால் அந்த வருசம் அங்கே அடுப்பெரியாது. சேதி வந்த மறுநாளே குருவம்மா விதைச் சாமையைச் சுரைக்குடுக்கைகளில் அடைத்து, வாயைக் களிமண்ணால் பூசிக் காயவைத்தாள். துணைக்குப் புருசனின் தங்கை ராக்கு வந்தாள். சுமைக்குக் கரடி வந்தது.

கரடி மூட்டைகளைச் சுற்றி ஒரு நடை நடந்தது. பிறகு ஒவ்வொன்றாக மோந்து பார்த்தது.

"தங்கச்சி, இதுல என்ன இருக்கு?"

"கருவாடுண்ணே," என்றாள் குருவம்மா.

"கருவாடா! மலை முழுக்கத் தண்டோரா போட்டுட்டுப் போகப் போறோம்னு சொல்லு. சிறுத்தைக்கு ஒரு சேதி, பன்னிக்கு ஒரு சேதி."

ராக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கரடி அடுத்த மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தது.

"இது என்ன, பிணக் கனம் கனக்குது?"

"அம்மிக் குழவி."

"குழவியா? அம்மி எங்கே?"

"அம்மிக் கல்லு அங்கே எந்தப் பாறையிலயும் கிடைக்கும். கைக்கு வாகா ஒரு குழவி கிடைக்குமாண்ணே?"

"மதினி பொறந்த வீட்டுச் சீதனம் அது," என்றாள் ராக்கு. "எங்க அண்ணனைக் கூட விட்டுட்டு வருவாங்க. அதை விட மாட்டாங்க."

"உங்க அண்ணன் மிளகாய் அரைப்பாரா?" என்றாள் குருவம்மா.

கரடி பெருமூச்சு விட்டது. கருவாட்டை மட்டும் அடிவாரத்திலேயே யாருக்கோ கொடுக்க வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் முதுகில் ஏற்றிக்கொண்டது. விதைக் குடுக்கைகளை மட்டும் குருவம்மா யாரிடமும் கொடுக்கவில்லை. அவை அவள் முதுகிலேயே தொங்கின.

பாதி மலைவரை எல்லாம் நல்லபடியாகவே போயிற்று. முகட்டை நெருங்கும்போது மேற்கேயிருந்து மஞ்சு இறங்கியது. முன்னால் போகிறவரின் குதிகால் பின்னால் வருகிறவருக்குத் தெரியவில்லை. அதோடு சாரலும் பிடித்துக்கொண்டது. இந்த மஞ்சில் நடந்தால் பள்ளம் எது, பாதை எது என்று தனக்கே தெரியாது என்று கரடி சொல்லிவிட்டது. ஒரு பாறைக்கு அடியில் ஒதுங்கினார்கள். இன்று விலகும், நாளை விலகும் என்று காத்திருந்தார்கள். மஞ்சு விலகவில்லை.

சோற்று மூட்டை மட்டும் இளைத்துக்கொண்டே வந்தது. அவல் நனைந்து புளித்துப் போனது. கம்பு அடை தீர்ந்தது. மிஞ்சியது தேன் விட்டுப் பிடித்த தினை மாவுருண்டைகள்தான். கரடி தன் பங்குக்கு மேல் ஒரு துணுக்குக்கூட எடுக்கவில்லை. ஆனால் அது மெல்லும் சத்தம் குருவம்மாவின் காதில் திரிகை அரைப்பதுபோல விழுந்தது. உருண்டை தீர்ந்தால் அடுத்து என்ன? இந்தப் பாறைக்கடியில் தின்பதற்கு இருக்கும் ஒரே பொருள் அவள் முதுகில் இருந்தது. பசி வந்தவர் முகத்துக்கு முன்னால் விதை என்றும் தின்னும் தவசம் என்றும் பேதம் நிற்குமா? கரடியை மட்டுமல்ல, ராக்குவையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். தன்னையும் கூட.

அவர்கள் இருவரும் மஞ்சு விலகுகிறதா என்று வெளியே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், நாலு உருண்டைகளை எடுத்துத் தன் கம்பளி மடிப்புக்குள் செருகினாள். விதையைக் காப்பாற்றத்தானே செய்கிறோம் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டாள். மனசு சரி என்றுதான் சொன்னது. ஆனாலும் மடிப்பை இன்னொரு சுருட்டுச் சுருட்டினாள்.

பொழுது சாய்ந்ததும் மூட்டையை நடுவில் அவிழ்த்தார்கள். கரடி உட்கார்ந்து மூட்டையைப் பார்த்தது. மூக்கை ஒருமுறை உயர்த்தியது. பிறகு குருவம்மாவைப் பார்த்தது.

"இவ்வளவுதானா தங்கச்சி?"

"இவ்வளவுதான்ணே."

மலையின் அடுத்த முகட்டில் தேனடை இருந்தாலே சொல்லிவிடும் மூக்கு அது. கரடி தன் உருண்டையில் பாதியைப் பிட்டு ராக்குவுக்குக் கொடுத்தது.

"உனக்கு வேண்டாமாண்ணே?"

"வயித்துல இடமில்ல, புள்ள," என்றது கரடி.

குருவம்மாவால் அன்று தூங்க முடியவில்லை. சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் மதியம் சாரல் கொஞ்சம் விட்டது. ராக்கு சுள்ளி பொறுக்கப் போனாள். கரடி பாறை வாயிலில் காவல் உட்கார்ந்தது. குருவம்மா கம்பளியைத் தலைக்கு வைத்து, விதைக் குடுக்கைகளை மார்போடு அணைத்துக்கொண்டு சாய்ந்தாள். கண்கள் தாமாகச் சொருகின.

முகத்தில் சூடான மூச்சு பட்டுத்தான் விழித்தாள். ஒரு சாண் தூரத்தில் கரடியின் மூஞ்சி. அதன் மூக்கு அவள் கழுத்தோரம் கம்பளியைத் துழாவிக்கொண்டிருந்தது. கண்டுபிடித்துவிட்டான், எடுக்க வந்துவிட்டான். அடுத்தது விதைதான். இதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கை தரையில் துழாவியது. அவிழ்ந்து கிடந்த மூட்டையிலிருந்து குழவி அகப்பட்டது. கைக்கு வாகான குழவி. ஓங்கி ஒரே அடி.

கரடி அலறவில்லை. இரண்டு அடி பின்னால் போய் உட்கார்ந்தது. அதன் மேல்வரிசை நடுப்பற்கள் இரண்டும் பாறைமேல் விழுந்து உருண்டன.

சத்தம் கேட்டு ராக்கு ஓடிவந்தாள். முதலில் அவள் பார்த்தது கரடியை அல்ல.

"மதினி! கழுத்தைப் பாருங்க! கழுத்தெல்லாம் எறும்பு!"

அப்போதுதான் குருவம்மாவுக்கு எரிச்சல் தெரிந்தது. தோளில், காதோரத்தில், கம்பளி மடிப்பில் என்று செவ்வெறும்பு சாரைசாரையாக ஊர்ந்துகொண்டிருந்தது. ராக்கு கம்பளியைப் பிடித்து உதறினாள். எறும்பு மொய்த்த நாலு மாவுருண்டைகள் தரையில் விழுந்து ஓடின.

ராக்கு அவற்றைப் பார்த்தாள், மதினியைப் பார்த்தாள், பிறகு கரடியைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குருவம்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கரடி பேச முயன்றது. இத்தனை காலமும் திருத்தமாக வந்த சொற்கள் பல் போன இடைவெளி வழியே காற்றாகிப் போயின. "புஸ்ஸ்... புஸ்ஸ்..." என்றது. பேச்சு வராது என்று தெரிந்ததும், தான் செய்ததைச் செய்து காட்டியது. குனிந்து, தரையில் ஓடிய எறும்புகளை ஊதித் தள்ளியது. கடைசியாக ஒருமுறை மூச்சை உள்ளே இழுத்தது. இடைவெளி வழியாக எறும்புகள் வாய்க்குள் போயின. அதுவே திகைத்து நின்றது.

"நீங்க எறும்பை ஊதத்தான் வந்தீங்களாண்ணே..." என்று குருவம்மா எழுந்தாள். நாலு உருண்டைகளையும் பொறுக்கி இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினாள். "எல்லாம் உங்களுக்குத்தான். ஒண்ணு கூட எனக்கு வேண்டாம். எடுத்துக்கோங்கண்ணே."

கரடி உருண்டைகளைப் பார்க்கவில்லை. அவளை ஒரு நொடி பார்த்தது. திரும்பி மஞ்சுக்குள் நடந்தது. கொஞ்ச தூரம்வரை அதன் நடை தெரிந்தது. பிறகு மஞ்சு மட்டும்தான்.

அன்று சாயங்காலமே வானம் வெளுத்தது. அழுதுகொண்டு உட்கார முடியாது, விதை போய்ச் சேர வேண்டும். கரடி தூக்கிவந்த சுமையையெல்லாம் பாறைமேல் பரப்பினார்கள். வெண்கலப் பானை, மாற்றுப் புடவைகள், இரண்டாவது கம்பளி எல்லாவற்றையும் அங்கேயே விட்டார்கள். குழவியை ராக்கு எடுத்துப் பார்த்தாள்.

"அதைத் தொடாதே," என்றாள் குருவம்மா.

விதையும் நெருப்புக்கல்லும் ஒரு கம்பளியும் மிஞ்சிய சோறும் மட்டும் வந்தன. முகட்டைத் தாண்டி ஒரு நாவல் மரத்தடியில் அடுத்த தங்கல் போட்டார்கள். ராக்கு வழக்கம்போலச் சோற்று மூட்டையை நடுவில் வைத்தாள். குருவம்மா அதை எடுத்துக்கொண்டு நடந்தாள். கூப்பிடு தூரத்தில் இன்னொரு மரம் நின்றது. அதன் கிளையில் கட்டப் போனாள்.

"கரடி வந்து எடுத்துட்டுப் போகவா மதினி?"

"எடுத்தா எடுக்கட்டும். மூட்டை தலைமாட்டுல இருந்தா அவரு கிட்ட வருவாரு. நான் பயந்து முழிப்பேன். குழவி இல்லாட்டா என்ன, கல்லுக்கா பஞ்சம்? சோறு ஒரு பக்கம் இருக்கட்டும், நாம ஒரு பக்கம் படுப்போம். அவருக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

ராக்கு கிளையை அண்ணாந்து பார்த்தாள். "அப்போ இன்னும் ஒசரக் கட்டுங்க. இது பன்னிக்கே எட்டும்."

இருவருமாகக் கயிற்றை மேல்கிளையில் எறிந்து, மூட்டையை இழுத்து ஏற்றினார்கள். காலையில் மூட்டை கட்டிய மாதிரியே தொங்கியது. கரடி வந்ததற்கு அடையாளம் எதுவும் இல்லை. வந்து எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று குருவம்மாவுக்குத் தோன்றியது.

இறக்கத்தில் ஆளுயரப் புல்லுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை வளைந்து வளைந்து போயிற்று. ஒரு வளைவில் திரும்பியதும் கரடி எதிரே இருந்தது. கறையான் புற்று ஒன்றைக் கிளறி, அதில் மூஞ்சியைப் புதைத்து, பல் போன இடைவெளி வழியாகக் கறையானை உறிஞ்சிக்கொண்டிருந்தது. இனி யார் பங்கும் அதற்குத் தேவையில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. உறிஞ்சும் சத்தத்தில் அவர்கள் வந்த அரவம் அதன் காதில் விழவில்லை. நிமிர்ந்த கரடி திடுக்கிட்டுப் பின்னங்காலில் எழுந்து நின்றது. நகங்கள் விரிந்தன. அதன் கண்ணில் இருந்தது கோபம் அல்ல என்று குருவம்மா கண்டுகொண்டாள். அது பயம். பாறைக்கடியில் விழித்த கணத்தில் தன் கண்ணிலும் அதுதான் இருந்திருக்கும்.

ராக்கு ஓடப் பார்த்தாள். குருவம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நாந்தாண்ணே," என்றாள் மெதுவாக. "குருவம்மா. கையில ஒண்ணுமில்ல."

இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். கரடி நின்றபடி மூச்சு விட்டது. "புஸ்ஸ்" என்று ஏதோ சொன்னது. மன்னித்தேன் என்றா, போ என்றா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. முன்னங்காலை இறக்கி, புல்லை விலக்கிக்கொண்டு போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் குருவம்மா நின்றாள். நின்று, வாய்விட்டுக் கூப்பிட்டாள்.

"அண்ணே, வாறோம்! நாங்கதான், வாறோம்!"

அடிவாரம்வரை கூப்பிட்டாள். தொண்டை கட்டியபோது ராக்கு கூப்பிட்டாள். பதில் எதுவும் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த வளைவிலும் கரடி எதிர்ப்படவும் இல்லை. முதல் மழைக்கு முந்தின நாள் விதை போய்ச் சேர்ந்தது. சடையாண்டி குடுக்கைகளை வாங்கிக்கொண்டு, பானை எங்கே, புடவை எங்கே என்று கேட்டான். குருவம்மா நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். பிறகு மலையேறியவர்களிடமெல்லாம் சொன்னாள்.

மலையில் தங்குகிறவர்கள் சோற்று மூட்டையைத் தலைமாட்டில் வைக்காமல் தூரத்து மரத்தில் உயரக் கட்டுவது அதற்குப் பிறகுதான். கரடி பேச்சை விட்டு, எறும்பையும் கறையானையும் உறிஞ்சிப் பிழைப்பதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். காட்டுப் பாதையில் போகிறவர்கள் வளைவுக்கு வளைவு குரல் கொடுத்துக்கொண்டு போகிறார்கள். கரடியை விரட்டத்தான் சத்தம் போடுகிறோம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கரடிக்கு அப்படித் தெரியவில்லை. அந்தக் குரல் காதில் விழுந்ததும் அது தலையை நிமிர்த்தி ஒரு நொடி கேட்கிறது. பிறகு வழிவிட்டு விலகிப் போகிறது.