முயல் வளைக்கு வழி தேடிய நரி

நாவல் காட்டில் எல்லா விலங்குகளிடமும் செல்போன் இருந்தது. சார்ஜ் எங்கே போட்டார்கள் என்று கேட்காதீர்கள், கதை நின்றுவிடும்.

அந்தக் காட்டில் சிங்காரி என்ற மைனாவுக்குத் தெரியாத ஆளே கிடையாது. அவள் குஞ்சு முதன்முதலாகப் பறக்கப் போகிறதாம், அதற்கு ஒரு விருந்தாம். அழைப்பு அனுப்ப வசதியாக எல்லாருடைய எண்ணையும் முகவரியையும் இணையத்தில் பட்டியலாக ஏற்றிவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. பூட்டும் போடவில்லை. அலகு சும்மா இருக்காமல் கூடுதலாகவும் எழுதிவைத்தாள்: "பூவாத்தா முயல். மூங்கில் புதர், மூன்றாவது வளை. குட்டிகள் மூன்று. மாலையில் மேயப் போய்விடுவாள்."

மாலையில் போன் அடித்தது. பேசியது நரி!

"சிங்காரி அக்கா, உங்க பட்டியல் அருமை. அதைப் பார்த்துக்கிட்டேதான் மூங்கில் புதருக்கு நடந்துக்கிட்டிருக்கேன். குட்டிங்க மூணும் கொழுகொழுன்னு இருக்குமா?"

சிங்காரிக்கு உயிரே போய்விட்டது. பூவாத்தாவோ போனை எடுக்கவில்லை. குட்டிகளுக்கு ஓடத் தெரியாது. நரி பட்டியலைப் பார்த்துத்தானே நடக்கிறது, முகவரியை மாற்றிவிட்டால்? ஆனால் யாருடைய முகவரியைப் போடுவது? முள்ளம்பன்றி சடையனைக் கூப்பிட்டாள். வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவரிடம் அனுமதி கேட்டாள்.

"சடையண்ணே, முயலோட இடத்துல உங்க வளையைப் போட்டுக்கலாமா? நரி வரும்."

சடையன் விழுந்து விழுந்து சிரித்தான். "தாராளமா போடும்மா. நான் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

பட்டியல் மாறியது. நரியும் சடையனின் வளை இருந்த அத்திமரத்தடிக்குத் திரும்பி, வளைக்குள் ஆசையாக மூக்கை நுழைத்தது. அது போட்ட ஊளை நாலு மலைக்குக் கேட்டது! மூக்கில் பதினேழு முள்ளோடு அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்துக் குரங்குகள் சிரித்தே கிளையிலிருந்து விழுந்தன.

பூவாத்தா மட்டும் சிரிக்கவில்லை. விஷயம் தெரிந்ததும் மூன்று குட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வேறு இடத்துக்குக் குடிபோனாள். புது இடம் எங்கே என்று சிங்காரி பழக்கதோஷத்தில் கேட்டாள்.

"உன்னை நம்பி உன்கிட்ட சொன்னேன். காட்டுக்கே சொல்லச் சொல்லலையே," என்றாள் பூவாத்தா.

சிங்காரிக்கு வெட்கமாகப் போய்விட்டது. பட்டியலை அழித்தாள். மரம் மரமாகப் பறந்து போய் வாயாலேயே விருந்துக்கு அழைத்தாள். பூவாத்தாவும் வந்தாள். எங்கிருந்து வந்தாள் என்று சிங்காரி கேட்கவில்லை.

நம்மை நம்பி ஒருவர் தந்த எண்ணும் முகவரியும் அவருடையவை. அவரைக் கேட்காமல் நாலு பேர் பார்க்கும் இடத்தில் அவற்றை வைக்கக் கூடாது.