புலி கட்டிலோடு ஆஸ்பத்திரிக்குப் போன கதை

தலையாட்டிப்பட்டி குழந்தைவேலு ஒரு நாய் வளர்த்தான். பேர் புலி. பேர்தான் புலி; பக்கத்து வீட்டில் தேங்காய் உடைத்தால்கூடக் கட்டிலுக்கு அடியில் பாய்ந்து ஒளிந்துகொள்ளும். பயம் முற்றினால் கடிக்கும். போன தடவை மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது மூன்று பேரைக் கடித்தது. அதில் இரண்டு பேர் சும்மா வழி கேட்க நின்றவர்கள்.

இப்போது அதன் முன்னங்காலில் முள் ஏறிப் புடைத்துவிட்டது. இரண்டு நாளாக அது சோறு தொடவில்லை. குழந்தைவேலுவுக்கும் தொண்டையில் சோறு இறங்கவில்லை. புதிதாக வந்திருந்த டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு அழுதான்.

"இழுத்துக்கிட்டோ தூக்கிக்கிட்டோ வராதீங்க. அது வழக்கமா படுக்கிற இடத்து வாசனை கூடவே இருக்கட்டும். அதைக் கண்ணுக்குக் கண்ணு பார்க்காதீங்க, மிரளும்" என்றார் அவர்.

குழந்தைவேலு இதை அண்ணன் ஏகாம்பரத்திடமும், அண்ணியின் தம்பி திருமேனியிடமும் சொன்னான். மூவரும் கூடி யோசித்தார்கள்.

"புலி எங்கே படுக்குது?"

"அண்ணன் கட்டிலுக்கு அடியில."

"அப்போ கட்டில் வரணும்."

"வெறுங்கட்டிலா? அத்தான் எப்பவும் அதுமேலதானே கிடக்கிறாரு? வாசனையில பாதி அவருதான்" என்றான் திருமேனி.

ஏகாம்பரத்துக்குப் பெருமை தாங்கவில்லை. நார்க்கட்டிலில் மல்லாந்து படுத்தார். முன்னால் குழந்தைவேலு, பின்னால் திருமேனி. தப்பித்தவறிப் புலியின் கண்ணைப் பார்த்துவிடக் கூடாதே என்று இருவரும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு கட்டிலைத் தூக்கினார்கள். புலி பழகின நிழலை விட மனமில்லாமல் அடியிலேயே நொண்டிக்கொண்டு வந்தது.

வழி சொல்லும் பொறுப்பு ஏகாம்பரத்துக்கு. மல்லாந்தவருக்குத் தெரிந்தது வானம் மட்டும்தான்.

"ஒரு பருந்து பறக்குது. அது போற பக்கமே போங்க."

பருந்து வட்டமடித்தது. இவர்களும் குளத்தைச் சுற்றினார்கள்.

கடைத்தெருவில் டீக்கடைக்காரர் எழுந்து நின்றார். பூக்காரி ஓடிவந்து ஏகாம்பரத்தின் மார்பில் ஒரு மாலையைப் போட்டாள். "நேத்துகூட நல்லா இருந்த மனுசன்!"

ஏகாம்பரம் திடுக்கிட்டார். "அடப்பாவமே! யாரும்மா போய்ட்டது?" என்று படுத்தபடியே கேட்டார்.

பூக்காரி கூடையைப் போட்டுவிட்டு ஓடியே போனாள். பதில் கிடைக்காததால், யாராக இருந்தாலும் நல்லவராகத்தான் இருக்கும் என்று ஏகாம்பரம் கொஞ்சம் அழுதுவைத்தார்.

ஆஸ்பத்திரி குளக்கரையில்தான் இருந்தது. இரண்டாவது சுற்றில் டாக்டரம்மாவே வெளியே வந்து, "நில்லுங்க!" என்றார்.

கட்டிலை வராந்தாவில் இறக்கச் சொன்னார். தரையில் பக்கவாட்டில் உட்கார்ந்து, கருவாட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். புலி தின்றது. அது தின்னத் தின்ன முள் வெளியே வந்துவிட்டது, ஊசியும் போட்டாகிவிட்டது. ஒரு முனகல்கூட இல்லை.

கண்கட்டோடு நின்ற குழந்தைவேலுவுக்கு அந்த அமைதியே பயமாக இருந்தது.

"முடிஞ்சுது" என்றார் டாக்டரம்மா.

"ஐயோ, என் புலி!" என்று அலறித் தரையில் விழுந்தான். ஈரமான நாக்கு ஒன்று அவன் கன்னத்தை நக்கியது. அதற்கும் அழுதான்.

கிளம்பும்போது டாக்டரம்மா ஒரு பிளாஸ்டிக் கூம்பைக் கொடுத்தார். "பத்து நாளைக்குப் புண்ணை நக்கவே கூடாது. ஆசையாத்தான் இருக்கும். அதனால இதைக் கழுத்துல மாட்டிடுங்க."

வீட்டுக்கு வந்ததும் மறுபடி யோசனை.

"யாரு நக்கக் கூடாதுன்னாங்க?"

"நம்மளைப் பார்த்துத்தானே சொன்னாங்க?"

"எனக்கு அப்படி ஆசையே வரலியே" என்றான் குழந்தைவேலு.

"இன்னைக்கு வரல. இன்னும் பத்து நாள் இருக்குடா" என்றார் ஏகாம்பரம்.

மூவருக்கும் லேசாக வியர்த்தது. கூம்பு ஒன்றுதான். திருமேனி இரண்டு பிளாஸ்டிக் வாளிகளின் அடியை அறுத்து எடுத்தான்.

சாயங்காலம் மூவரும் கழுத்தில் மாட்டிக்கொண்டு சோற்றுத் தட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கை வாய்வரை போகவில்லை. நடுவில் புலி காலை நீட்டிப் படுத்து, ரசித்து ரசித்துப் புண்ணை நக்கிக்கொண்டிருந்தது.

வாளிக்குள்ளிருந்து ஏகாம்பரத்தின் குரல் கணீரென்று கேட்டது: "டாக்டரம்மா கெட்டிக்காரிதான்டா! மாட்டினதுலேருந்து நம்மள்ல ஒருத்தனாவது நக்கினானா, பாரு!"