தலைக்கு மேல் தொங்கிய சொம்பு

முன்னொரு காலத்தில் மாங்கூடல் நாட்டை விசயமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். எதையும் தரம் பிரிக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. குதிரைக்குத் தரம், மாம்பழத்துக்குத் தரம், அரண்மனைக் கொசுவுக்குக்கூடத் தரம்! அந்த ஐப்பசியில் ஏரிக்கரைகளின் முறை வந்தது. ஆபத்து அதிகமுள்ள கரை முதல் தரம். மழைக்காலக் காவலும் கரையைப் பலப்படுத்தும் மண்ணும் அதற்குத்தான்.

ஏரி அதிகாரி பூவராகர் காட்டுக்குள் கிடந்த பேரேரியை முதல் தரத்தில் வைத்தார். நகரத்துக்குச் சொந்தமான அல்லிக்குளத்து மண்கரையைக் கடைசித் தரத்தில் தள்ளினார்.

அல்லிக்குளத்தில் மடை திறந்து மூடும் செங்காயிக்குச் சேதி எட்டியது. கரைக்குக் கீழே முந்நூறு நெசவாளர் வீடு; அதில் ஒன்று அவளுடையது. நேரே சபைக்குப் போனாள்.

"மகாராஜா, எங்க கரைதான் முதல் தரம்."

பூவராகர் சிரித்தார். "ஒரு யானை உறிஞ்சினால் உன் குளம் வற்றிவிடும்! சரி, கரையில் விரிசல் உண்டா?"

"இல்லீங்க. கல்லு மாதிரி இருக்கு."

"கேட்டீர்களா பிரபு! உறுதியான கரையாம், முதல் தர ஆபத்தாம்!"

ராஜா முகம் சுளித்தான். "பெண்ணே, இதை எனக்கு விளங்கவை. இல்லையென்றால் மடைவேலையை விட்டுப் போ."

"ஒரு அண்டா, ஒரு பித்தளைச் சொம்பு, ரெண்டு புதுக் கயிறு கொடுங்க."

தண்ணீர் நிறைத்த அண்டாவை வெளிமுற்றத்தில் கள்ளிப் புதருக்கு மேல் மரத்தில் கட்டவைத்தாள். தண்ணீர் நிறைத்த சொம்பைப் பூவராகரின் ஆசனத்துக்கு நேர்மேலே உத்தரத்தில் தொங்கவிட்டாள்.

"கயிறு உறுதிதானா, இழுத்துப் பாருங்க ஐயா."

இழுத்தார். "தேரையே இழுக்கலாம்."

"அப்ப உக்காருங்க."

சபை நடந்தது. பூவராகரின் வாய் பேசியது; கண் மட்டும் கூரையில். தலைப்பாகையை இறுக்கினார். ஆசனத்தை ஒரு சாண் நகர்த்தினார். காற்றில் சொம்பு லேசாக ஆடியதுதான் தாமதம், "ஐயோ!" என்று எகிறி ராஜாவின் காலடியில் விழுந்தார்.

சொம்பிலிருந்து ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"வெளியே அம்மாம் பெரிய அண்டா தொங்குதே, அதுக்குப் பயப்படலையா ஐயா?"

"அதற்குக் கீழே வெறும் கள்ளிதானே!" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்த்தல்லவா தரம் போட்டிருக்க வேண்டும், பூவராகரே!"

அல்லிக்குளம் முதல் தரமானது. செங்காயிக்கு முத்துமாலையும் கரைத்தலைவி பட்டமும் கிடைத்தன. பூவராகருக்கோ, மழை ஓயும்வரை அந்தக் கரைக்குக் கீழே உள்ள முதல் வீட்டில் குடியிருக்க உத்தரவு.

அதற்குப் பிறகு தினமும் விடியுமுன்பே குடையோடு கரைக்கு ஓடிவந்தவர் அவர்தான். "ஐயா, இது மழை இல்லீங்க, பனி. வீட்டுக்குப் போங்க!" என்று அவரை விரட்டுவதே செங்காயிக்குப் பெரும் வேலையாகிப் போனது.